மூளை நீரோட்ட ஸ்கேன் அம்மாவுக்குத் தேவையா?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. இதற்கு முன் அவருக்கு மனச்சோர்வு வந்ததே இல்லை. கடந்த இரண்டு ஆண்டுகளாகத்தான் இப்படி இருக்கிறார். எதிலும் நாட்டமில்லை, பேச்சும் நடமாட்டமும் மெதுவாகிவிட்டன. ஒரு வேலையைத் தொடங்கினால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார். அதிகம் அழுவதில்லை, ஆனால் “நான் இருந்து யாருக்கு என்ன பயன்” என்று சில நாட்களில் சொல்கிறார். 15 ஆண்டுகளாக ரத்த அழுத்தம் உண்டு. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. சர்க்கரை நோய் இல்லை. இரவில் பலமாகக் குறட்டை விடுவார். மனநல மருத்துவர் ஆறு வாரங்களுக்கு முன் எஸ்சிடலோபிராம் 5 மி.கி. கொடுத்தார், பெரிய மாற்றம் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் “வெண்பொருள் மாற்றங்கள், ஃபசேகாஸ் 2, ஒரு பழைய லக்கூன், பேசல் கேங்லியா பகுதியில் ரத்தநாளங்களைச் சுற்றியுள்ள இடைவெளிகள் விரிந்துள்ளன” என்று இருக்கிறது. மூளையின் நீரோட்டத்தை அளக்கும் புதிய ஸ்கேன் ஒன்று வந்திருப்பதாகவும், முதுமையில் மனச்சோர்வு வந்தவர்களுக்கு அந்த அளவு குறைந்திருப்பதாகவும் படித்தேன். அதை எடுத்துவிடலாமா? கோளாறு ரத்தநாளத்தில் இருக்கிறது என்றால் மனச்சோர்வு மாத்திரையால் என்ன பயன்? இது மறதி நோயின் தொடக்கமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன், நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். “நான் இருந்து யாருக்கு என்ன பயன்” என்று அம்மா சொல்வதை வயதானவர்களின் வழக்கமான அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள். முதுமையில் வரும் மனச்சோர்வில் தற்கொலை ஆபத்து உண்மையானது. அதைச் சத்தம் போட்டுச் சொல்லாதவர்களே அதிகம். இன்றே, அருகில் யாரும் இல்லாத நேரத்தில், “உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா அம்மா? ஏதாவது செய்துகொள்ளலாம் என்று நினைத்ததுண்டா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது; மாறாக, தனியாகச் சுமந்ததை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கும். வழிமுறை எதையாவது யோசித்து வைத்திருப்பதாகவோ, சாப்பிடவும் குடிக்கவும் மறுப்பதாகவோ தெரிந்தால், அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை தனியாக விடாதீர்கள். பதில் எதுவானாலும், வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளும் இனி உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். அவர் ரத்த அழுத்த மாத்திரையைத் தவறவிடுவதற்கும் அதுவே மருந்தாகும்.

இனி ஸ்கேன். எடுக்க வேண்டாம் என்பதே என் பதில். அந்த ஆய்வுகள் பொய் என்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. நான் அவற்றை ஆர்வத்தோடு படித்து வருகிறவன்தான். ஆனால் அந்த ஸ்கேன் தரும் எண் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால், உங்கள் அம்மாவைப் பற்றி அது ஏன் எதையும் தீர்மானிக்க முடியாது என்பது உங்களுக்கே விளங்கிவிடும். சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நம் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஏறத்தாழ 150 மி.லி. நீர் இருக்கிறது. ஒரு நாளில் சுமார் 500 மி.லி. புதிதாகச் சுரப்பதால், இந்த நீர் நாளொன்றுக்கு மூன்று முறைக்கு மேல் மாறிவிடுகிறது. இது மூளைக்கு மெத்தையாக இருப்பதோடு வேறொரு வேலையும் செய்கிறது என்ற கருத்தை 2012-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டின் குழுவினர் எலிகளில் செய்த ஆய்வின் வழியே முன்வைத்தார்கள். மூளைக்குள் இறங்கும் தமனிகளைச் சுற்றி ஒரு மெல்லிய இடைவெளி, உறை போல உள்ளே செல்கிறது. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஃபிர்கோவும் ரோபினும் விவரித்ததால் அதற்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. அந்த இடைவெளி வழியே நீர் உள்ளே நுழைந்து, ஆஸ்ட்ரோசைட் என்னும் துணைச் செல்களின் பாதங்களில் உள்ள அக்வாபோரின்-4 என்ற நீர்க்கதவுகளின் உதவியால் திசுவுக்குள் பரவி, அங்கே சேர்ந்த கழிவுகளோடு கலந்து, சிரைகளை ஒட்டிய பாதையில் வெளியேறுகிறது என்பது அவர்கள் தந்த சித்திரம். இதற்கு கிளிம்ஃபாடிக் மண்டலம் என்று பெயர். நீரை உந்தித் தள்ளும் விசைகளில் முக்கியமானது தமனிகளின் துடிப்பு.

மூளையின் மிகச் சிறிய ரத்தநாளங்கள் கெடுவதை நுண்நாள நோய் என்கிறோம். அதற்கும் இந்த நீர்ப்பாதைக்கும் உள்ள தொடர்பு இந்தத் துடிப்பில்தான் இருக்கிறது. மூளையின் ஆழத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் மிக மெல்லியவை, நீளமானவை. ஒன்று அடைபட்டால் பக்கத்து நாளம் கைகொடுக்க வழியில்லாதவை. ஆண்டுக்கணக்கில் உயர் ரத்த அழுத்தம் இருந்தால் அவற்றின் சுவர் தடித்து விறைத்துப் போகிறது. விறைத்த நாளத்தின் துடிப்பு, தன்னைச் சுற்றியுள்ள நீரை முன்போல் உந்துவதில்லை. நீர் தேங்கி இடைவெளி விரிகிறது என்பது ஒரு கருத்து. உங்கள் அம்மாவின் அறிக்கையில் மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியாவில் விரிந்திருப்பதாக எழுதியிருப்பது இந்த இடைவெளிகளைத்தான். அந்தப் பகுதியில் அவை விரிவது பெரும்பாலும் உயர் ரத்த அழுத்தம் சார்ந்த நுண்நாள நோயோடு சேர்ந்து காணப்படுவது. மூளையின் மேற்பகுதியில், நரம்பு இழைகள் செல்லும் வெண்பொருளில் விரிந்திருந்தால் நாங்கள் வேறொரு நாள நோயையும் நினைத்துப் பார்ப்போம். ஆகவே, நீரோட்டத்தைப் பற்றி ஒரு ஸ்கேன் சொல்லக்கூடிய மறைமுகத் தடயம் ஒன்று ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

நீங்கள் படித்த புதிய அளவீடு, அநேகமாக, ஜப்பானில் தவோகாவும் அவருடைய குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆல்ப்ஸ் குறியீடாகத்தான் இருக்கும். அதற்கு ஊசியோ சாயமோ தேவையில்லை. நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எவ்வளவு எளிதாக அலைகின்றன என்பதைக் காட்டும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. படமே போதும். மூளையின் பக்க நீரறைகளை ஒட்டிய ஓரிடத்தில் சிறு சிரைகள் இடம் வலமாகப் படுத்துச் செல்கின்றன. நரம்பு இழைகளில் ஒரு கட்டு மேலும் கீழுமாகவும், இன்னொன்று முன்னும் பின்னுமாகவும் போகின்றன. இழைகள் எதுவும் இடம் வலமாக ஓடாத இடத்தில் நீர் அந்தத் திசையில் கூடுதலாக அலைந்தால், அந்தக் கூடுதல் நாளங்களைச் சுற்றிய இடைவெளியால் வந்தது என்று கொள்ளலாம் என்பதே யோசனை. இடம் வலத் திசை அலைவை மற்றத் திசை அலைவால் வகுத்து வரும் விகிதம்தான் அந்த எண். அது 1-க்கு அருகில் வந்தால் கூடுதல் அலைவு இல்லை என்று பொருள் கொள்கிறார்கள். முதுமை மனச்சோர்வு உள்ளவர்களின் குழுவில் இந்த எண்ணின் சராசரி, மற்றவர்களின் சராசரியைவிடக் குறைந்திருப்பதாகச் சில ஆய்வுகள் தெரிவித்திருப்பது உண்மை.

அழகான யோசனைதான். ஆனால் அலைவு வேறு, ஓட்டம் வேறு. குளத்து நீர் ஒரு மூலையில் எவ்வளவு தளும்புகிறது என்று பார்த்துவிட்டு, மதகு வழியே எவ்வளவு வெளியேறியது என்று சொல்ல முடியாது. இந்தக் குறியீட்டிடம் நாம் எதிர்பார்ப்பது அதைத்தான். மூளையின் ஒரே மட்டத்தில், சில மில்லிமீட்டர் அகலமுள்ள கட்டங்களில் எடுத்த அளவை மூளை முழுவதற்கும் பொருத்திப் பேசுவது இன்னொரு சிக்கல். ஸ்கேனருக்குள் தலை சற்றுச் சாய்ந்திருந்தாலே எண் மாறும்; கருவி மாறினாலும் மாறும்; வயது கூடினாலும் குறையும். இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தோன்றும் குறை வேறொன்று. வெண்பொருள் சேதமடைந்தால் நரம்பு இழைகளுக்குக் குறுக்கே நீர் அலைவது எல்லாத் திசைகளிலும் கூடிவிடும். அப்போது விகிதத்தின் மேலுள்ள எண்ணும் கீழுள்ள எண்ணும் சேர்ந்தே உயர்ந்து, விகிதம் 1-ஐ நோக்கி இறங்கும். நீரோட்டம் சிறிதும் மாறாமல் இருந்தாலும் இது நடக்கும். அதாவது, நுண்நாள நோய் உள்ளவரிடம் குறைந்த ஆல்ப்ஸ் எண்ணைப் பார்த்தால், வடிகால் கெட்டிருக்கிறதா, வெண்பொருள் கெட்டிருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. யாருக்காக அந்த அளவீட்டை நாம் விரும்புகிறோமோ, அவர்களிடம்தான் அது மிகவும் குழப்பமானது. உங்கள் அம்மாவின் வெண்பொருள் மாற்றம் பற்றி ஏற்கெனவே தெரியும். அதையே வேறொரு எண்ணாக மாற்றி வாங்கி வருவதில் அவருக்கு என்ன கிடைக்கப் போகிறது? எண் குறைவாக வந்தாலும் இயல்பாக வந்தாலும் நான் பரிந்துரைக்கும் சிகிச்சையில் ஒரு மாத்திரைகூட மாறாது. தனி மனிதருக்கு இயல்பான எல்லை இதுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட வரம்பும் இல்லை.

நேரடியாகப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரில் கடோலினியம் சாயத்தைச் செலுத்தி, அது மூளைக்குள் பரவி வடிவதை 24 மணி, 48 மணி நேரம் என்று பின்தொடர்ந்து படமெடுப்பது. ஆஸ்லோவில் ரிங்ஸ்டாடும் ஐடேயும் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். மனிதர்களில் இந்தப் பாதை உண்டு என்பதற்கு வலுவான சான்று அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அது சாயத்தின் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாடு அல்ல. மனச்சோர்வுக்காக ஒரு மூதாட்டியின் முதுகில் ஊசி போட நான் சம்மதிக்க மாட்டேன்.

இங்கே ஒரு விதிவிலக்கைத் தவறாமல் சொல்ல வேண்டும். நீரோட்டம் என்ற சொல் பொதுவானதாக இருப்பதால் இரண்டு விஷயங்கள் அடிக்கடி குழம்பிவிடுகின்றன. மூளையின் நீரறைகள் பெரிதாகி, நடை, சிறுநீர்க் கட்டுப்பாடு, சிந்தனை வேகம் ஆகிய மூன்றும் கெடும் ஒரு நிலையை 1965-இல் ஹக்கீமும் ஆடம்ஸும் விவரித்தார்கள். அழுத்தம் கூடாமலே நீர் தேங்கும் அந்த நோயில் அம்மா இப்போது இருப்பது போன்ற மந்தமும் நாட்டமின்மையும் வரலாம். மனச்சோர்வு என்றே பெயரிட்டுவிடுவதும் உண்டு. அதற்கு ஷன்ட் எனப்படும் குழாய் வைத்துச் சரிசெய்ய வாய்ப்பிருக்கிறது என்பதால் அதைத் தவறவிடக் கூடாது. நீங்கள் அம்மாவின் நடமாட்டம் மெதுவாகிவிட்டது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கால்களை அகட்டி வைத்து, பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது போல இழுத்து நடக்கிறாரா? திரும்பும்போது பல சிறு அடிகள் வைக்கிறாரா? கழிவறைக்குப் போய்ச் சேர்வதற்குள் சிறுநீர் கசிகிறதா? இவற்றுக்கு ஆம் என்றால், எடுத்துவைத்திருக்கும் அதே எம்.ஆர்.ஐ.யில் நீரறைகளின் அகலத்தை அளந்து சொல்லும்படி நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். மண்டையோட்டின் உள் அகலத்தோடு ஒப்பிடும்போது அந்த விகிதம் 0.3-ஐத் தாண்டுகிறதா என்பது முதல் கேள்வி. தாண்டினால், அந்தச் சூழலில்தான் நீரோட்டப் பரிசோதனைகளுக்குப் பொருள் உண்டு.

அறிக்கையின் மற்ற சொற்கள் உங்களை அச்சுறுத்தியிருப்பது தெரிகிறது. ஃபசேகாஸ் என்பது 1987-இல் வந்த ஓர் எளிய அளவுகோல். 0 முதல் 3 வரை போகும். 2 என்றால் வெண்புள்ளிகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கியிருக்கின்றன என்று பொருள். புள்ளிகள் இருப்பதே அபூர்வமல்ல. 60 முதல் 90 வயதுவரையிலான 1,077 பேரைப் படமெடுத்த ராட்டர்டாம் ஆய்வில், அப்படி ஒரு மாற்றமும் இல்லாதவர்கள் 5 விழுக்காட்டினர் மட்டுமே. ஆனால் 2 என்பதை நரைமுடி போல வயதின் அடையாளம் என்று ஒதுக்கவும் கூடாது. லக்கூன் என்பது 3 முதல் 15 மி.மீ. வரை அகலமுள்ள சிறு குழி. பெரும்பாலும் ஒரு நுண்தமனி அடைபட்டு ஆறிய வடு. வெளியே தெரியாமலேயே நடந்து முடிந்த ஒரு சிறு பக்கவாதம் என்று அதை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஆஸ்பிரின் தர வேண்டுமா என்பதை நரம்பியல் மருத்துவர் முடிவு செய்யட்டும், நீங்களாகத் தொடங்கிவிடாதீர்கள். அவர் இப்போது எடுக்கும் வகை மனச்சோர்வு மாத்திரையோடு ஆஸ்பிரினும் சேரும்போது ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும்.

இந்தச் சேதம் மனச்சோர்வை உண்டாக்குமா? உண்டாக்கலாம், குறைந்தபட்சம் அதற்கு வழிவிடலாம் என்பதை 1997-இல் அலெக்சோபூலோஸும் கிருஷ்ணனும் தனித்தனியே எழுதினார்கள். முன்மூளையையும் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியாவையும் இணைக்கும் இழைகள் வெண்பொருளின் வழியேதான் போகின்றன. திட்டமிடுதல், தொடங்குதல், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுதல், ஒன்றின் மேல் ஆசை கொள்ளுதல் ஆகிய எல்லாம் அந்தச் சுற்றுகளின் வேலை. அவை அறுபடும்போது துக்கத்தைவிட மந்தமும், அழுகையைவிட நாட்டமின்மையும் மேலோங்கிய ஒரு மனச்சோர்வு வருகிறது. முதல்முறையாக முதுமையில் தொடங்கியது, அழுகை குறைவு, வேலையின் நடுவில் நின்றுவிடுதல் என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்தச் சித்திரம்தான். இதைக் குடும்பத்தார் எல்லோருக்கும் சொல்லுங்கள். “சும்மா உட்கார்ந்தே இருக்கிறாள், எழுந்து நாலு வேலை பார்த்தால் சரியாகிவிடும்” என்று சொல்பவர்கள் எல்லா வீடுகளிலும் உண்டு. அவர்களின் நோக்கம் நல்லதுதான், ஆனால் அந்தச் சொல் அம்மாவின் நெஞ்சில் போய் என்னவாகிறது என்பதைத்தான் நீங்கள் என்னிடம் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு மனமில்லாமல் இல்லை. மனத்தைச் செயலாக்கும் பாதையில்தான் பழுது.

அப்படியானால் மாத்திரையால் என்ன பயன் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நாளச் சேதமும், திட்டமிட்டுத் தொடங்கிச் செய்யும் செயல்திட்டத் திறனில் குறைவும் உள்ளவர்களுக்கு மருந்து மெதுவாக, சில நேரம் குறைவாக வேலை செய்கிறது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் மெதுவாக வேலை செய்வதும் வேலை செய்யாமல் இருப்பதும் ஒன்றல்ல. சேதமடைந்த பாதையைச் சுற்றி மீதமிருக்கும் பாதைகள் உண்டு. மருந்து அவற்றின் மேல்தான் வேலை செய்கிறது. அம்மாவுக்கு இன்னும் முறையான சோதனையே நடக்கவில்லை. எஸ்சிடலோபிராம் 5 மி.கி. என்பது முதியவர்களுக்குத் தொடக்க அளவு. உடல் ஏற்றுக்கொள்கிறதா என்று பார்ப்பதற்கானது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு வழக்கமான அளவு 10 மி.கி. இந்த வயதில் முழுப் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். ஆகவே, அளவை உயர்த்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உயர்த்துவதற்கு முன் ரத்தத்தில் சோடியம் அளவையும் ஒரு இ.சி.ஜி.யையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மருந்துகள் முதியவர்களுக்குச் சோடியத்தைக் குறைக்கக்கூடும். சோடியம் குறைந்தால் மந்தம், குழப்பம், தடுமாறி விழுதல் எல்லாம் வரும், அதை நோய் முற்றுகிறது என்று தவறாகப் புரிந்துகொள்ள நேரும். தைராய்டு, பி12 ஆகியவற்றையும் பார்க்காமலிருந்தால் பார்த்துவிடுங்கள். மயக்கமூட்டும் சளி மருந்துகள், சிறுநீர்ப்பை மருந்துகள் போன்றவை மூளையை மந்தமாக்கக்கூடும். அவர் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

முதல் மருந்து போதாவிட்டாலும் வழி முடிந்துவிடாது. 60 வயதைக் கடந்த, முந்தைய மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வு உள்ளவர்களிடம் நடந்த ஆப்டிமம் என்னும் பெரிய ஆய்வு 2023-இல் வெளியானது. மருந்தை மாற்றிப் பார்ப்பதைவிட, இருக்கும் மருந்தோடு அரிப்பிப்ரசோலைச் சேர்ப்பது நலவுணர்வை அதிகம் உயர்த்தியது என்று அது கண்டது. சாப்பிடாமல் உடல் இளைத்தாலோ, சாவைப் பற்றிய எண்ணம் அழுத்தினாலோ, மின்னதிர்வு சிகிச்சை முதியவர்களிடம் நன்றாகப் பலன் தருவது. திரைப்படங்கள் காட்டிய பயத்தை வைத்து அதை மறுத்துவிடாதீர்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான் அதைச் செய்கிறார்கள்.

உரையாடல் சிகிச்சையில் எதைக் கேட்பது என்பதும் முக்கியம். செயல்திட்டத் திறன் குறைந்த முதியவர்களுக்கு, ஆதரவாகப் பேசிக் கேட்பதைவிட, சிக்கல் தீர்க்கும் பயிற்சி அதிகம் பலன் தருவதாக 221 பேரை வைத்து நடந்து 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுத்து, அதைச் சிறு படிகளாக உடைத்து, ஒரு வாரத்துக்கு ஒரு படி என்று செய்து பார்க்க வைக்கும் பயிற்சி அது. பழுதான பாதையின் வேலையை வெளியிலிருந்து தாங்கிக் கொடுப்பதால்தான் அது உதவுகிறது என்று நான் நினைக்கிறேன். அதன் சாரத்தை வீட்டிலேயே தொடங்கலாம். “சமையலைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னால் அவர் நின்றுவிடுவார். “இந்தக் காயை நறுக்கித் தாருங்கள், அரிசியை நான் களைகிறேன்” என்று சொல்லி, நீங்களும் பக்கத்தில் நின்று கத்தியைக் கையில் கொடுத்தால் செய்துவிடுவார். முதல் அடியை உங்களோடு எடுத்துவைத்தால் அடுத்த இரண்டை அவர் வைப்பார். நாள்தோறும் அதே நேரத்தில் அதே வரிசையில் வேலைகள் அமையட்டும். வரிசையை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். எளிமையாகத் தோன்றுவதால் இதைக் குறைத்து மதிப்பிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாத்திரை தொடங்கிய வாரத்திலேயே இதையும் தொடங்கிய வீடுகளில் நான் கண்ட வேறுபாடு பெரிது.

நாளங்களுக்காகச் செய்ய வேண்டியதில் முதன்மையானது ரத்த அழுத்தம். ஸ்கேனுக்குக் காட்டும் அக்கறையில் பாதியை அந்த மாத்திரைப் பட்டையின் மேல் காட்டுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். சர்க்கரை நோயும் பக்கவாத வரலாறும் இல்லாத, 50 வயதைக் கடந்தவர்களிடம் மேல் அளவை 120-க்குக் கீழ் கொண்டுவருவதையும் 140-க்குக் கீழ் நிறுத்துவதையும் ஒப்பிட்ட ஸ்பிரிண்ட் ஆய்வில், ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் வெண்பொருள் மாற்றம் முதல் குழுவில் 0.92 கன செ.மீ. கூடியது, மற்றதில் 1.45 கன செ.மீ. வேறுபாடு சிறியது, ஆனால் வெண்புள்ளிகள் பெருகுவதை மெதுவாக்க முடியும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் உறுதியான சான்றுகளில் அது ஒன்று. அம்மாவுக்குப் பழைய லக்கூன் இருப்பதால் எந்த அளவை இலக்காக வைப்பது என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று மூன்று நிமிடங்கள் ஆனபின்னும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும்போது அழுத்தம் சரிந்தால் விழுந்து எலும்பு முறியும் ஆபத்து உண்டு.

குறட்டையை நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. தூக்கத்தில் மூளை தன்னைக் கழுவிக்கொள்கிறது என்ற செய்தியும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். தூங்கும் எலிகளின் மூளையில் செல்களுக்கு இடையிலான இடம் சுமார் 60 விழுக்காடு விரிகிறது என்று 2013-இல் கண்டார்கள். 2019-இல் மனிதர்களின் ஆழ்ந்த உறக்கத்தில் நீர் அலையலையாக நகர்வதை வேகமான எம்.ஆர்.ஐ.யில் பார்த்தார்கள், 2024-இலோ, எலிகளின் மூளையிலிருந்து பொருள்கள் வெளியேறுவது உறக்கத்தில் குறைகிறது என்று வேறொரு குழு எழுதியது. விவாதம் ஓயவில்லை. அம்மாவின் குறட்டைக்கு அந்த விவாதத்தின் முடிவு தேவையில்லை. உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இருந்தால், அது ரத்த அழுத்தத்தை உயர்த்தும், பகலில் மந்தமாக்கும், மனச்சோர்வைப் பிடித்து வைக்கும், மருந்துக்கு இணங்காமலும் செய்யும். குறட்டை நடுவில் சில நொடிகள் நின்று, பிறகு திணறலோடு தொடர்கிறதா என்று ஓர் இரவு விழித்திருந்து கவனியுங்கள். முடிந்தால் கைப்பேசியில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டி, உறக்கப் பரிசோதனையைக் கேளுங்கள். இரண்டாவதாக ஒரு ஸ்கேன் எடுப்பதைவிட இந்தப் பரிசோதனைதான் அவருடைய சிகிச்சையை மாற்றக்கூடியது. தூக்க மாத்திரை மட்டும் வேண்டாம். மூச்சுத் தடையை அது மோசமாக்கலாம், விழவும் வைக்கும். மூளைக் கழிவை வெளியேற்றுவதாகச் சொல்லி விற்கும் பொடிகளையும் சத்து மாத்திரைகளையும் வாங்காதீர்கள். அப்படிச் செய்வதாக மனிதர்களில் மெய்ப்பிக்கப்பட்ட பொடி எதுவும் இல்லை.

மறதி நோயா என்ற கேள்விக்கு இன்று யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. சொல்ல முயலவும் கூடாது. முதுமையில் முதன்முறையாக வரும் மனச்சோர்வும் நுண்நாள நோயும் பிற்கால மறதி நோயின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அதே நேரத்தில், சோர்ந்த மனத்தோடு நினைவுத் தேர்வு எழுதுபவர் தம் உண்மைத் திறனைவிடக் குறைவாகவே எடுப்பார். எனவே இப்போது நினைவையும் சிந்தனையையும் சோதிக்கும் மோக்கா போன்ற ஒரு சிறு தேர்வை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மனநிலை தேறி மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆனபின் அதையே மீண்டும் செய்ய வேண்டும். இரண்டுக்கும் இடையிலான மாற்றம்தான் பேசும். அதுவரை வீட்டில் ஒன்றைக் கவனிக்கலாம். மறந்த ஒன்றுக்கு நீங்கள் சிறு குறிப்புக் கொடுத்ததும், “ஆமாம், அவர்தான்” என்று பிடித்துக்கொள்கிறாரா, அல்லது குறிப்புக் கொடுத்தும் அப்படி ஒன்று நடந்ததே நினைவில் இல்லையா? முன்னது, பதிந்திருப்பதை எடுப்பதில் உள்ள தாமதம். நாளச் சேதத்திலும் மனச்சோர்விலும் அதிகம் காண்பது அது. பின்னது தொடர்ந்து நடந்தால் நரம்பியல் மருத்துவரை விரைவாகப் பாருங்கள்.

எப்போதாவது ஓர் ஆய்வு மையம் அம்மாவை நீரோட்ட ஆய்வில் சேர அழைத்தால், சாயம் செலுத்தாத படமெடுப்பாக இருந்து அவரும் விரும்பினால், தயங்காமல் சேரலாம். இந்தக் கேள்விகளுக்கு என்றாவது விடை கிடைக்க வேண்டுமானால் அப்படிப்பட்டவர்களால்தான் கிடைக்கும். அங்கே தரும் எண்ணைக் கொண்டு மருந்தை நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம். அடுத்த சந்திப்புக்குப் போகும்போது இரண்டு வாரங்கள் காலையும் மாலையும் எழுதிய ரத்த அழுத்தக் குறிப்பு, குறட்டைப் பதிவு, மருந்துப் பை, எம்.ஆர்.ஐ. படங்கள் அடங்கிய குறுந்தட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இன்று அம்மாவிடம் நீங்கள் கேட்கப்போகும் கேள்விக்கு அவர் சொன்ன பதிலை, அவர் சொன்ன சொற்களிலேயே, மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.